ஏழு நிமிடம் கூடுதல்

பகாவிலிருந்து சிரம்பானுக்கு
வாரத்தில் மூன்று நாள்.
ரத்தம் கழுவப் போகிறவர்கள் மூன்று பேர்,
ஒரு வேன், நான்.
ஜுவாசே தாண்டும்வரை இருட்டுதான்.
விளக்கு வெளிச்சத்தில் மட்டும் செம்பனைகள்
வரிசை குலையாமல் வந்து வந்து நிற்கும்
பெரட்டுக்கு வந்த ஆட்களைப் போல.

கோலா பிலாவில் ரொக்கியா மக்சிக் ஏறுவார்,
கதவை எப்போதும் இரண்டு முறை சாத்துவார்.
அதற்குள் பின்னால் லிம்முக்குத் தூக்கம், வாய் திறந்து.
முன்னிருக்கை தவமலருடையது.
பன்னிரண்டு வருஷம் தோட்டத்தில் மருந்தடித்தவள்.
மடியில் ஒரு காலிப் போத்தல்;
நிரம்பியிருந்தால் குடித்துவிடுவாளாம்.
நாளைக்கு அரை லிட்டர் அவளுக்கு
ரசமும், மாத்திரை விழுங்குகிற மடக்கும் சேர்த்து.

உலு பெண்டுல் தாண்டிச் சாலை பிரிகிறது.
புதியது தூண்மேல் ஏறி
மலையை மிதிக்காமலே அந்தப் பக்கம் இறங்கிவிடும்.
பழையது வளைவுக்கு வளைவு
மலையிடம் கேட்டுக் கேட்டுப் போகும்.
புக்கிட் புத்துஸ், அறுந்த மலை.
யார் அறுத்தது, எனக்குத் தெரியாது.
எனக்குத் தெரிந்தது அங்கே இரண்டாம் கியர்.

"பழசிலே போங்கண்ணே"
என்றாள் ஒரு சனிக்கிழமை.
திரும்பி வரும்போது போகலாமே என்றேன்.
"வரும்போது நான் பிழிஞ்ச துணி.
இப்பதான் கண்ணு முழிச்சிருக்கு."

ஏறினோம்.
மூங்கில் வளைந்து வேன் கூரையைத் தடவிற்று.
பள்ளத்தில் பனி, பனிக்கு மேல் தனியாக
ஒரு மரத்தின் தலை மட்டும்.
இரும்புத் தடுப்பில் ஒரு குரங்குக் குடும்பம்
ரொட்டி லோரிக்குக் காத்திருந்தது.
அது புதுச் சாலைக்கு மாறி வருஷங்களாகின்றன,
யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.
எங்கோ உள்ளே சியாமாங் ஒன்று ஆரம்பிக்க
மலை முழுக்கப் பற்றிக்கொண்டது கூவல்;
லிம் திடுக்கிட்டுக் கைப்பேசியைத் தேடினார்.

நாலாவது வளைவில், பாறையில் தண்ணீர்.
அருவி என்று சொன்னால் பொய்.
யாரோ பதித்த அரைக்குழாயை மீறி
தார்மேல் வழிந்து
எதிர்ப்பக்கம் காட்டில் விழுந்துகொண்டிருந்தது
யாருக்கும் அளவு சொல்லாமல்.
நிறுத்தச் சொன்னாள்.
கண்ணாடியை இறக்கிக் கையை நீட்டினாள்.
"குடிச்சிடாதே" என்றேன், முட்டாள்போல.
சிரிக்கவில்லை.
"ரெண்டரைக் கிலோ தண்ணி உள்ளே இருக்குண்ணே.
இது வெளியே கொஞ்சம்."

எஞ்சினை அணைத்தேன்.
ஈரம் சொட்டும் கையோடு
என் விரலைப் பிடித்து மறு கையில் வைத்தாள்,
முழங்கைக்குக் கீழே
ஊசி போய்ப் போய்ப் புடைத்த இடத்தில்.
உள்ளே ஏதோ நடுங்கிக்கொண்டே இருந்தது
சாவியை எடுத்த பிறகும் ஓடுகிற வண்டிபோல.
என்ன சொல்வதென்று தெரியாமல்
"ஐட்லிங் சுத்தமா இருக்கு" என்றேன்.
அப்போது சிரித்தாள்.
மக்சிக்கும் சிரித்தார், புரியாமல்.

தாதி ஏட்டில் சிவப்பு மையால் எழுதினாள்:
ஏழு நிமிடம் தாமதம்.
லிம் முறையிட்டார்,
மிஷின் நேரம் தன் காசு என்று.
திரும்பும் வழியில் புதுச் சாலை.
மூவரும் சரிந்து தூங்க
பாலத்துக்குக் கீழே காடு அசையாமல் கிடந்தது,
நான் மட்டும் பார்த்தேன்.

செவ்வாயன்று ஓட்டெடுத்தோம்.
வாரநாளில் புதியது, சனிக்கிழமை பழையது.
மக்சிக் தூக்கத்திலேயே கை தூக்கினார்;
எதற்கென்று தெரியவில்லை,
சேர்த்துக்கொண்டோம்.

இப்போது சனிக்கிழமைகளில்
ஏழு நிமிடம் முன்னால் கிளம்புகிறேன்.
மக்சிக் வாசலிலேயே நிற்கிறார்,
கதவை ஒரே முறை சாத்துகிறார்.
போன வாரம் மழையில்லை,
பாறையில் வெறும் கசிவுதான்.
அதற்கும் தவமலர் கையை நீட்டினாள்.
பின்னால் இன்னொரு கண்ணாடி இறங்கும் சத்தம்.
காற்றுக்கு, என்றார் லிம்,
நான் கேட்காமலே.